இரண்டு மீட்டர் ஓடிய காலம்: டயல்-அப் நாட்களில் வீட்டுக்கு ஓர் இணைப்பு

இன்டர்நெட்டைக் கடையில் உறை போட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. டெலிபோன் லைனில் இணைய நிறுவனத்தின் எண்ணை அழைத்து இணையும் டயல்-அப் காலம் அது. உறைக்குள் ஒரு சிடி, ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல். மேலே கொட்டை எழுத்தில் 25 மணி நேரம், 50 மணி நேரம், 100 மணி நேரம். அதன் கீழே, கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் அளவில், எத்தனை மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்ற வரி. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் கம்ப்யூட்டர் வாங்கிய குடும்பங்கள், எந்த உறையில் மணிக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தன. வகுத்ததில் பிழை இல்லை. வகுக்க எடுத்துக்கொண்ட தொகைதான் தவறு. உறையின் விலை மொத்தச் செலவில் சின்னப் பங்கு. பெரிய பங்கு இரண்டு மாதம் கழித்து, டெலிபோன் பில்லாக வந்தது.

அப்போது உள்ளூர் அழைப்புக்கு 3 நிமிடம் ஒரு பல்ஸ், அதாவது கட்டணக் கணக்கில் ஓர் அலகு. இலவச அழைப்புகளும் குறைந்த கட்டணப் படியும் தீர்ந்தபின் ஒரு பல்ஸுக்கு 1.20 ரூபாய். ஒரு மணி நேரம் இணைப்பில் இருந்தால் 20 பல்ஸ், 24 ரூபாய். உறையில் 100 மணி நேரம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 10 ரூபாய். ஆக, உண்மையான விலை மணிக்கு 34 ரூபாய். நிறுவனம் விலையைப் பாதியாகக் குறைத்தாலும் 29 ரூபாய்க்குத்தான் இறங்கும். உறைகளை ஒப்பிட்டுக் குழம்பிய நேரத்தில், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேலை முடிகிறது என்று பார்த்திருந்தால் கூடுதல் காசு மிஞ்சியிருக்கும். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

இரண்டு மீட்டரும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குவதும் இல்லை. டெலிபோன் மீட்டர், எதிர்முனையில் மோடம் (கம்ப்யூட்டரின் தகவலை டெலிபோன் லைனில் போகும் ஒலியாக மாற்றும் கருவி) அழைப்பை எடுத்த கணமே துடிக்கும். மோடம்கள் கீச்சிட்டு, இரைந்து, ஒன்றையொன்று அடையாளம் கண்டு, கடவுச்சொல் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் இணைய நிறுவனத்தின் கடிகாரம் நகரும். இடையில் அரை நிமிடமாவது போகும். இணைப்பு கூடாமல் முறிந்தால் நிறுவனத்தின் கணக்கில் பூஜ்யம். டெலிபோன் கணக்கில் ஒரு பல்ஸ். எங்கேஜ்டு ஒலி கேட்டால் மட்டும் இரண்டிலும் பைசா இல்லை.

லைன் அறுபடுவது இந்தக் கணக்கை இன்னும் கெடுக்கும். 4 நிமிடத்துக்கு ஒரு தரம் அறுந்து மறுபடி கூடுகிறது என்றால், ஒவ்வொரு 4 நிமிடத்துக்கும் இரண்டு பல்ஸ். மணிக்கு 30 பல்ஸ், 36 ரூபாய். அறாத லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அதே ஒரு மணி நேரத்துக்கு 24 கட்டுகிறார். மலிவான உறையை வாங்கி, அறுந்து அறுந்து கூடும் எண்ணை அழைத்தவர்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டே கூடுதலாகக் கட்டினார்கள்.

இந்தத் தொல்லை எல்லா நாட்டிலும் இல்லை. அமெரிக்காவில் அன்று பெரும்பாலான வீடுகளில் உள்ளூர் அழைப்புக்கு மாத வாடகை மட்டுமே. எத்தனை நேரம் பேசினாலும் ஒன்றுதான். அதனால் அங்கே இணைய நிறுவனத்தின் விலைதான் விலை. ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் 1996 டிசம்பரில் மாதம் 19.95 டாலருக்கு அளவில்லாத இணைப்பு கொடுக்கத் தொடங்கியதும் ஜனங்கள் இணைப்பைத் துண்டிக்காமலே கிடந்தார்கள். மற்றவர்களுக்கு எங்கேஜ்டு ஒலிதான் மிச்சம். பிரிட்டனில் அழைப்புக்கு நிமிடக் காசு இருந்தது. ஆனால் அந்தக் காசில் ஒரு பங்கு, அழைப்பு போய்ச் சேரும் நிறுவனத்துக்கும் கிடைத்தது. அதை நம்பித்தான் 1998-இல் ஃப்ரீசர்வ் என்ற நிறுவனம் சந்தாவே வாங்காமல் இணைப்பு கொடுத்தது.

அதைப் பார்த்து இங்கேயும் இலவச இணையம் வந்தது. கல்கத்தாவில் தொடங்கிய கால்டைகர் அதில் பேர் போனது. இலவசம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் ஈர்ப்பைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் இங்கே டெலிபோன் காசு டெலிபோன் துறைக்கே போனது. இணைய நிறுவனத்துக்கு விளம்பரம் ஒன்றே வருமானம். வருமானம் இல்லாத இடத்தில் மோடம்களைக் கூட்ட முடியாது; மோடம் குறைந்தால் லைன் கிடைக்காது, கிடைத்தாலும் நகராது. மணிக்கு 24 ரூபாய் கட்டிக்கொண்டு ஊர்ந்து போகும் இலவசத்தைவிட, 34 ரூபாய்க்கு ஓடுவது மலிவு. பலருக்கு இது பில் வந்த பிறகே உறைத்தது.

தொடக்கத்தில் தேர்வு என்ற பேச்சே கிடையாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, சென்னை உட்படச் சில பெருநகரங்களில் மட்டுமே அழைத்து இணையும் முனையம் இருந்தது. படத்தோடு பார்க்கக்கூடிய டிசிபி/ஐபி கணக்குக்கு ஆண்டுக் கட்டணம் 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாய்க்கு ஒரு ஷெல் கணக்கு கிடைத்தது. அதில் வெறும் எழுத்து மட்டும். கறுப்புத் திரையில் லிங்க்ஸ் என்ற உலாவி, பைன் என்ற மின்னஞ்சல் நிரல். அந்த நாளில் சென்னைக்காரர் ஒருவரின் மின்னஞ்சல் முகவரி, @ குறிக்குப் பின்னால் ‘ஜிஐஏஎஸ்எம்டி01.விஎஸ்என்எல்.நெட்.இன்’ என்று நீளும். நடுவில் இருக்கும் எம்டி மெட்ராஸைக் குறிப்பது. பம்பாய்க்காரருக்கு பிஎம், டில்லிக்காரருக்கு டிஎல். முகவரியைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். விசிட்டிங் கார்டில் அச்சிட இடம் போதாமல் அச்சகத்தார் எழுத்தைச் சுருக்கிய கதைகள் உண்டு.

1998 நவம்பரில் தனியாருக்குக் கதவு திறந்தது. உரிமங்கள் மூன்று வகை: நாடு முழுவதற்கும் ஏ, ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு பி, மாவட்ட அளவிலான பகுதிக்கு சி. முதல் ஐந்து ஆண்டுக்கு உரிமக் கட்டணம் இல்லை, பிறகு ஆண்டுக்கு ஒரு ரூபாய். இவ்வளவு எளிதாகக் கிடைத்தால் யார்தான் எடுக்கமாட்டார்கள்? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே அந்த மாதமே சத்யம் ஆன்லைனைத் தொடங்கி முதல் தனியார் நிறுவனமானது. அடுத்த அக்டோபரில் அதன் பங்குகள் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் விற்பனைக்கு வந்தன. பின்னாளில் எல்லாரும் சிஃபி என்று அழைத்தது இதைத்தான். மந்த்ரா ஆன்லைன், டிஷ்நெட், பிறகு 2000 அக்டோபர் 1-இல் பிறந்த அரசு டெலிபோன் நிறுவனமான பிஎஸ்என்எல்லின் சஞ்சார்நெட் என்று உறைகள் பெருகின.

உறை பெருகியது, அதே வேகத்தில் மோடம் பெருகவில்லை. இணைய நிறுவனத்தின் அறையில் ஒரு சந்தாதாரருக்கு ஒரு மோடம் என்று யாரும் வைப்பதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பல பேருக்கு ஒன்று. எத்தனை பேருக்கு ஒன்று என்பதுதான் ஒரு நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம். அது எந்த உறையிலும் அச்சிடப்படவில்லை.

விவரம் தெரிந்தவர்களிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. வாங்குவதற்கு முன்னால், அந்த நிறுவனத்தின் அழைப்பு எண்ணைச் சாதாரண டெலிபோனிலேயே சுழற்றிப் பார்ப்பது. மதியம் ஒரு தரம், இரவு 8 மணிக்கு ஒரு தரம், 10 மணிக்கு ஒரு தரம். எங்கேஜ்டு வந்தால் செலவில்லை, விடையும் கிடைத்துவிட்டது. கீச்சென்று மோடம் குரல் கொடுத்தால் ஒரு பல்ஸ் போகும், அவ்வளவுதான். ஒரு வாரம் இப்படிச் சுழற்றினால், விளம்பரம் சொல்லாததை ரிசீவர் சொல்லிவிடும். நண்பர்களிடம் கேட்பதைவிட இது நம்பகமானது. ஏனென்றால் வேறு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் நண்பரின் அனுபவம் நமக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை.

இரவு நேரப் பொதிகளின் பின்னணியும் இதுதான். பகலில் அலுவலகங்களும் முன்னிரவில் வீடுகளும் மோடம்களை நிரப்பிவிட, நள்ளிரவுக்குப் பிறகு அவை சும்மா கிடந்தன. சும்மா கிடப்பதை மலிவாக விற்றார்கள். பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லி விளக்கை எரியவிட்ட பிள்ளைகளின் கதை இங்கே தொடங்குகிறது. மோடத்தின் கீச்சொலியைத் தலையணையால் அமுக்கிய கதையும். மோடத்தின் ஒலிபெருக்கியை நிறுத்த ஏடிஎம்0 என்ற கட்டளை போதும் என்பது பலருக்குத் தெரியாது.

இனி லைன். 56கே என்று பெட்டியில் போட்டிருந்த மோடம் 56 கிலோபிட் வேகத்தில் இணைந்ததாகச் சத்தியம் செய்யும் ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் நம் குரல் விநாடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது; ஒவ்வொரு அளவும் 8 பிட். ஆக ஒரு லைன் 64 கிலோபிட். அந்த 8 பிட்டில் 7-ஐத்தான் நம்ப முடியும் என்பதால் 56. இந்த வேகத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: இணைய நிறுவனம் டிஜிட்டல் லைனில் நேராக எக்ஸ்சேஞ்சோடு இணைந்திருக்க வேண்டும், நம் வீட்டுக்கு வரும் செப்புக் கம்பி மட்டுமே அனலாகாக இருக்கலாம். வழியில் இன்னொரு இடத்தில் அனலாகுக்கு மாறினால் 33.6-தான். அன்றைய பெரும்பாலான மோடம்களில் நாம் மேலே அனுப்புவதும் 33.6-ஐத் தாண்டாது.

இதற்குள்ளும் ஒரு சண்டை நடந்தது. 1997-இல் யுஎஸ் ரோபோடிக்ஸ் எக்ஸ்2 என்ற முறையையும், ராக்வெல்லும் லூசென்டும் கே56ஃப்ளெக்ஸ் என்ற முறையையும் கொண்டுவந்தன. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. வீட்டில் ஒன்று, இணைய நிறுவனத்தில் மற்றொன்று என்றால் 56கே விலை கொடுத்து 33.6 வேகம். 1998-இல் வி.90 என்ற பொதுத்தரம் வந்த பிறகே இது ஓய்ந்தது. அதற்கு முன் வாங்கியவர்கள் மோடத்தை விற்ற கடையைத் திட்டினார்கள், பாவம்.

பெட்டிக்கு உள்ளே செருகும் மோடம்களில் மலிவானவை வின்மோடம்கள். வேலையில் பாதியைக் கம்ப்யூட்டரின் தலையில் கட்டிவிடும். வேகம் குறைந்த ப்ராசஸரில் பாட்டு ஒன்றை ஓடவிட்டால் இணைப்பு திணறும். லினக்ஸில் பெரும்பாலும் வேலையே செய்யாது. வெளியே வைக்கும் மோடம் விலை கூடுதல். ஆனால் அதில் விளக்குகள் இருந்தன. தகவல் வருகிறதா, வெறுமே லைனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்ததும் தெரியும். பல்ஸ் துடிக்கும் காலத்தில் அந்த விளக்குக்கு விலை உண்டு.

லைனின் தரத்தை மேம்படுத்த வீட்டுக்காரர் செய்யக்கூடியது கொஞ்சமே. படுக்கையறைக்கு இழுத்த இரண்டாவது போனைக் கழற்றுவது. கால் வெயிட்டிங் சேவையை எடுக்கச் சொல்வது, இல்லாவிட்டால் யாராவது கூப்பிடும்போது வரும் பீப் ஒலி இணைப்பை அறுத்துவிடும். பழுப்பேறிய ரோசெட்டை, அதாவது சுவரில் போனைச் செருகும் பெட்டியை, மாற்றுவது. மற்றதெல்லாம் தெருவின் கம்பிகள் கூடும் தெருமுனை பில்லரிலும், வீடுகளுக்குக் கம்பி பிரியும் கம்பத்தின் டிபி பெட்டியிலும் இருந்தன. ஐப்பசி மழையில் பில்லருக்குள் ஈரம் இறங்கினால் எந்த நிறுவனத்தின் உறையும் ஒன்றுதான். லைன்மேனோடு நல்ல பழக்கம் வைத்திருந்த வீடுகளில் இன்டர்நெட் வேகமாக இருந்தது என்பதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

சரி, நடைமுறையில் என்ன வேகம்? 40 கிலோபிட்டில் கூடியது என்று கொள்வோம். விநாடிக்கு 5 கிலோபைட். 4 எம்பி பாட்டு ஒன்று இறங்க 14 நிமிடம். மணிக்கு 34 ரூபாய் என்றால் ஒரு பாட்டுக்கு 8 ரூபாய். பாட்டு முடியுமுன் லைன் அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரிந்த கெட்ரைட் போன்ற நிரல் இல்லாதவருக்கு முதலிலிருந்து 8 ரூபாய்.

உறையை ஒப்பிட்டவர்கள் கவனிக்காத இன்னொன்று மின்னஞ்சல். நிறுவனம் பிஓபி அஞ்சல்பெட்டி தருகிறதா என்பது, என் மதிப்பில், விலையைவிட முக்கியம். பிஓபி இருந்தால் அவுட்லுக் எக்ஸ்பிரஸிலோ யூடோராவிலோ ஆற அமரக் கடிதங்களை எழுதி வைத்துக்கொண்டு, இணைத்து, அனுப்பி, வந்ததை இறக்கி, துண்டித்துவிடலாம். எழுத்துக் கடிதம் ஒன்று இரண்டு மூன்று கிலோபைட்தான். பத்துக் கடிதம் ஒரு பல்ஸுக்குள் முடியும். ஹாட்மெயிலை உலாவியில் திறந்தால், விளம்பரப் படங்களோடு உள்பெட்டி வந்து நிற்பதற்குள் அந்த ஒரு பல்ஸ் தீர்ந்திருக்கும். பதில் எழுதும்போது கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு வாரம் இரண்டு கடிதம் எழுதும் வீட்டுக்கு 100 மணி நேரப் பொதி தண்டம். 25 மணி நேரமே ஆண்டு முழுதும் வரும், காலாவதித் தேதி விட்டால்.

அதே பிஓபி ஒரு பொறியும் கூட. முகவரி நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், நிறுவனத்தை மாற்றினால் முகவரி போய்விடும். உறவுக்காரர் எல்லாருக்கும் புது முகவரி சொல்லும் சிரமத்துக்குப் பயந்து, லைன் கிடைக்காத நிறுவனத்திலேயே சந்தாவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். முகவரியை ஹாட்மெயிலிலோ யாஹூவிலோ வைத்துக்கொண்டு, உறையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் சுதந்திரமாக இருந்தார்கள். அந்தச் சுதந்திரத்துக்குப் பல்ஸ் கணக்கில் காசு கட்டினார்கள்.

தமிழில் படிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு செலவு. யூனிகோடு பரவாத காலம். ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒரு எழுத்துரு. அதை இறக்கி நிறுவ வேண்டும், அல்லது பக்கத்தோடு தானே இறங்கிவரும் எழுத்துருவுக்குக் காத்திருக்க வேண்டும். சில தளங்கள் எழுத்தையே படமாக்கிப் போட்டன. அது இன்னும் கனம். நேர்மாறாக, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை வெறும் எழுத்துக் கோப்புகளாகத் தட்டச்சிட்டு வழங்கியது. 1,330 குறளும் ஒரு சின்னப் புகைப்படத்தின் கனத்துக்குள் அடங்கும். அன்றைய லைனுக்குத் தோதாக அமைந்த தமிழ்ப் பணி அது.

பெருநகரத்துக்கு வெளியே கணக்கே வேறு. முனையம் இல்லாத ஊரிலிருந்து எஸ்டிடி எனும் வெளியூர் அழைப்பு போட்டு இணையத்துக்குப் போவது கையைச் சுடும் வேலை. 172 என்று தொடங்கும் அழைப்பு எண்கள் உள்ளூர் அழைப்பாகக் கணக்கிடப்பட்ட பிறகுதான் சிற்றூர்களுக்கு மூச்சு வந்தது. அப்போதும் அங்கே கிடைத்தது பெரும்பாலும் அரசு நிறுவனத்தின் இணைப்பு ஒன்றுதான். செப்புக் கம்பி சரியாகப் போகாத ஊர்களுக்கு ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையை உருவாக்கியது. அதில் 35 கிலோபிட் இணையத்தில் இருந்துகொண்டே போனும் பேசலாம். நகரத்து டயல்-அப் வீடுகளுக்கு இல்லாத வசதி. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் கிராம இணைய மையங்கள் இயங்கியது இந்த இணைப்பில்தான்.

நகரத்தில் டயல்-அப்பை விட்டு ஏறுவதற்கும் படிகள் இருந்தன. ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் டெலிபோன் லைன் வாங்கினால் இரண்டு 64 கிலோபிட் தடங்கள். இரண்டையும் சேர்த்தால் 128. ஆனால் இரண்டு தடத்துக்கும் பல்ஸ் தனித்தனியாக ஓடும், வேகம் இரட்டித்தால் மீட்டரும் இரட்டிக்கும். வீட்டுக்கு அது ஒத்துவரவில்லை. கேபிள் டிவிக்காரர் மூலம் வந்த இணைப்பு, மொட்டை மாடிகளின் மேல் நீல ஒயராகத் தொங்கியது. இடி இடித்தால் கார்டு எரியும், கேபிள்காரருக்குச் சண்டை வந்தால் ஒயரை வெட்டுவார்கள். இருந்தும் அதன் கவர்ச்சி வேகம் மட்டுமில்லை: டெலிபோன் மீட்டர் ஓடவில்லை, போனும் சும்மா இருந்தது. சென்னையில் சி. சிவசங்கரனின் டிஷ்நெட் டிஎஸ்எல்லைக் கொண்டுவந்தபோதும் ஈர்த்தது அதே விஷயம்தான். குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போகிறது; டிஎஸ்எல் அதே கம்பியில் அதற்கு மேலே போகிறது. அழைப்பே இல்லை என்பதால் பல்ஸும் இல்லை. விலைதான் வீடுகளுக்கு எட்டவில்லை. 2004-இல் அதன் இணையப் பிரிவை விஎஸ்என்எல் வாங்கிக்கொண்டது.

2005 ஜனவரி 14, பொங்கலன்று பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. 256 கிலோபிட், மாதம் 500 ரூபாய். மணிக்கு 34 ரூபாய் என்ற பழைய கணக்கில் அந்த 500 ரூபாய்க்கு 15 மணி நேரம்கூட வராது. லைன்மேன் வந்து, குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். டயல் செய்யத் தேவையில்லை, அம்மா சித்தியிடம் பேசிக்கொண்டே இருக்கலாம், மகன் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் அந்த 500 ரூபாய்க்கு மாத அளவு 1 ஜிபி. 256 கிலோபிட்டில் 9 மணி நேரம் இடைவிடாமல் இறக்கினால் தீர்ந்துபோகும். அதற்கு மேல் எம்பி கணக்கில் காசு. மீட்டர் போகவில்லை, நிமிடத்திலிருந்து எம்பிக்கு மாறியிருந்தது. கொஞ்ச காலத்தில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை அளவில்லை என்று ஒரு சலுகை வந்தது. பல வீடுகளில் 1.55-க்கு அலாரம் அடித்தது.